மொட்டை மாடிக்கு ஏறும் முன்: டிடி ஃப்ரீ டிஷ் பிழை நீக்கும் வழிமுறை

மாதக் கட்டணம் இல்லாமல் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி பார்க்க விரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு எளிதாகக் கிடைக்கும் வழி பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவையைப் பெற ஒரு டிஷ், அதன் முன் நின்று அலைகளைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் ஓர் எல்என்பி, சில மீட்டர் கேபிள், ஒரு செட்டாப் பாக்ஸ் ஆகிய நான்கும் போதும். வாங்கும்போது கொடுக்கும் விலையோடு செலவு முடிந்துவிடுகிறது. ரீசார்ஜ் என்பதோ கார்டைப் புதுப்பிப்பது என்பதோ இதில் கிடையாது என்பதால், அப்படிச் சொல்லி யாராவது தொலைபேசியில் பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்றே கொள்ளலாம். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தத் தொகுப்பில் இந்திச் சேனல்களே மிகுதி. டிடி தமிழ் கிடைக்கும், ஆனால் கேபிளில் பார்த்துப் பழகிய தனியார் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அவை வராதது பழுதாகாது.

படம் வரவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷை அசைப்பதுதான். சரியாக நின்றிருந்த டிஷ்ஷை அசைத்துவிட்டால் அதுவரை ஒன்றாக இருந்த பழுது இரண்டாகிவிடுகிறது. ஆகவே திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் படித்து, அது காட்டும் திசையில் கீழிருந்து மேலாகச் செல்வதே இந்த வழிமுறையின் முறை. டிஷ்ஷின் திருகுகள் கடைசியில்தான் வரும்.

முதலில் இரண்டு பட்டைகளைப் படியுங்கள்

செட்டாப் பாக்ஸின் மெனுவில் 'இன்ஸ்டலேஷன்' அல்லது 'ஆன்டெனா செட்டிங்' என்ற பக்கத்துக்குச் சென்றால் 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு பட்டைகள் தெரியும். இங்கே அவற்றை வலிமை, தரம் என்று குறிப்பிடுகிறேன். வலிமைப் பட்டை சொல்வது எல்என்பிக்கு மின்சாரம் சென்று அங்கிருந்து ஏதோ ஒன்று திரும்பி வருகிறது என்பதை மட்டுமே. டிஷ்ஷை எதிர்ச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தாலும் பல பெட்டிகளில் அந்தப் பட்டை பாதிவரை நிற்கும், ஏனெனில் எல்என்பி தன்னுடைய இரைச்சலையே பெருக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது. தரப் பட்டையோ பெட்டி தான் தேடிய அலைவரிசையைக் கண்டு அதைப் பிடித்துக்கொண்ட பிறகே எழும். வலிமை 90 காட்டியும் படம் வராத வீடுகளும், வலிமை 60 மட்டுமே காட்டித் தெளிவாக ஓடும் வீடுகளும் இருப்பது இதனால்தான். இந்த எண்கள் பெட்டிக்குப் பெட்டி மாறுபடும். பக்கத்து வீட்டுப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை.

தொலைக்காட்சியே 'நோ சிக்னல்' என்கிறது

இந்தச் சொற்களைச் சொல்வது யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தியும் பெட்டியின் மெனு திரையில் வரவில்லை என்றால், அந்த அறிவிப்பு தொலைக்காட்சியினுடையது. டிஷ்ஷுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, பெட்டி இணைக்கப்பட்டுள்ள எச்டிஎம்ஐ அல்லது ஏவி துளையைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கேபிளில் மஞ்சள்தான் படம். அது இடம் மாறியிருந்தால் ஒலியோடு கறுப்புத் திரையோ நிறமற்ற படமோ வரும். மெனு தெளிவாக வந்து அதற்குப் பின்னால் பெட்டி 'நோ சிக்னல்' என்று சொன்னால் மட்டுமே அடுத்த பகுதிகளுக்குச் செல்லுங்கள்.

வலிமை, தரம் இரண்டும் பூஜ்யம்

எல்என்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது போனது திரும்பவில்லை என்பதே இதன் பொருள். டிஷ் எவ்வளவு தவறான திசையில் இருந்தாலும் வலிமை பூஜ்யமாகாது என்பதால், இந்த அறிகுறி தெரியும்போது டிஷ்ஷைத் தொடுவதில் பயனே இல்லை.

பெட்டியின் பின்புறத்தில் ஒரே மாதிரியான இரண்டு திருகு முனைகள் இருக்கலாம். ஒன்று 'எல்என்பி இன்', மற்றொன்று 'லூப் அவுட்'. வீடு சுத்தம் செய்யும்போது கேபிளைக் கழற்றி மாற்றி மாட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அது சரியாக இருந்தால் மெனுவில் 'எல்என்பி பவர்' என்ற அமைப்பு 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் சரியென்றால் சந்தேகம் கேபிளின் இரு முனைகளிலும் உள்ள, திருகி மாட்டும் எஃப் கனெக்டர்கள் மீது விழ வேண்டும்.

பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒற்றைச் செம்புநிறக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதற்கு வெளியே மெல்லிய கம்பிப் பின்னல் என்று கேபிள் அமைந்திருக்கும். வெள்ளைக் காப்பு கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க, நடுக்கம்பி மட்டும் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் துளைக்குள் எட்டாது. வளைந்திருந்தால் பக்கவாட்டில் உரசும். வெளிப் பின்னலிலிருந்து தலைமுடி அளவுள்ள ஒரே ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் அங்கேயே குறுக்குச் சுற்றாகிவிடும். நல்ல பெட்டிகள் அப்போது 'எல்என்பி ஷார்ட்' என்ற எச்சரிக்கையைக் காட்டி மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கை வந்தால் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். எச்சரிக்கை மறைந்தால் பழுது கேபிளிலோ எல்என்பியிலோ இருக்கிறது. மறையாவிட்டால் பெட்டிக்குள் இருக்கிறது.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி ஐந்து நிமிட வேலை. துருவம் என்பது அலைகள் அதிரும் திசை; மெனுவில் 'வி' (செங்குத்து) துருவத்தைத் தேர்ந்தெடுத்தால் பெட்டியின் முனையில் ஏறத்தாழ 13 வோல்ட்டும், 'எச்' (கிடைமட்ட) துருவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 18 வோல்ட்டும் நேர்மின்னழுத்தம் இருக்க வேண்டும். பெட்டியில் இருந்து மாடி முனையில் இல்லையென்றால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. எலி கடித்த இடத்தையும் சன்னல் கதவு நசுக்கிய இடத்தையும் முதலில் தேடுங்கள். மாடி முனைவரை வோல்ட் வந்தும் வலிமை பூஜ்யம் என்றால் எல்என்பி இறந்துவிட்டது. அதைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். புதியது வாங்குவதே மலிவு.

வலிமை உண்டு, தரம் பூஜ்யம்

புதிதாக அமைப்பவர்கள் அதிக நேரம் தவிப்பது இந்த இடத்தில்தான். காரணம் மெனுவில் இருக்கலாம், வானத்துக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் இருக்கலாம், அல்லது டிஷ்ஷின் திசையில் இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

மெனுவில் எல்என்பி வகை 'யுனிவர்சல்' என்றும், அதன் எண்கள் 9750, 10600 என்றும் இருக்க வேண்டும். சோதனைக்கு அலைவரிசை 11090, துருவம் 'வி', சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500 என்று கொடுங்கள். எல்என்பி வானிலிருந்து வரும் 11090 மெகாஹெர்ட்ஸிலிருந்து 9750-ஐக் கழித்து 1340 மெகாஹெர்ட்ஸாகக் கேபிளில் இறக்குகிறது. பெட்டி ஏற்பது 950 முதல் 2150 வரை. மெனுவில் தவறுதலாக 10600 மட்டும் இருந்தால் பெட்டி 490 மெகாஹெர்ட்ஸில் தேடப் போகும், அது அதன் எல்லைக்கே வெளியே. பெரிய சி பேண்ட் டிஷ்ஷுக்குரிய 5150 இருந்தாலும் இதே கதிதான். '22 கிலோஹெர்ட்ஸ்' என்ற அமைப்பை 'ஆட்டோ' அல்லது 'ஆஃப்' நிலையிலும், பல டிஷ்களுக்கு நடுவே மாற்றிக்கொடுக்கும் 'டைசெக்' என்பதை நிறுத்தியும் வையுங்கள். முன்பு வேறு வீட்டில் பல டிஷ்களோடு ஓடிய பெட்டியைக் கைமாற்றி வாங்கியிருந்தால், இந்த டைசெக் அமைப்பே பாதி நாளை விழுங்கிவிடும்.

பழைய பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃப்ரீ டிஷ் முன்பு இன்சாட்-4பி செயற்கைக்கோளில் இருந்தபோது சிம்பல் ரேட் 28500. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15-க்கு மாறிய பிறகு எண்கள் மாறிவிட்டன. ஜிசாட்-15 நிற்பதும் அப்போது இன்சாட்-4பி நின்றதும் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலேதான் என்பதால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதில்லை; ஆனால் பெட்டியின் நினைவிலுள்ள பழைய பட்டியலை வைத்துத் தேடினால் தரம் எழவே எழாது. பரணிலிருந்து எடுத்த பெட்டியில் பழைய அலைவரிசைகளை அழித்துவிட்டுப் புதியவற்றைக் கையால் ஏற்ற வேண்டும்.

மெனு சரியென்று உறுதியான பின் மாடிக்குச் செல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கு வானில் மிக உயரத்தில் நிற்கிறது. சென்னையில் வடக்கிலிருந்து வலச்சுற்றாக ஏறத்தாழ 134 டிகிரி, அதாவது கிட்டத்தட்டச் சரியான தென்கிழக்கு. கோவையிலும் மதுரையிலும் ஏறத்தாழ 122 டிகிரி. கன்னியாகுமரியில் 116 டிகிரி. தெற்கே செல்லச் செல்ல டிஷ் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. உயரக் கோணமோ மாநிலம் முழுவதும் 67 முதல் 69 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு உயரம் என்பது நமக்கு வாய்த்த வசதி. டிஷ்ஷிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கும் சுவர் டிஷ்ஷைவிட ஏறத்தாழ 2.5 மீட்டர் உயர்ந்தால்தான் பார்வையை மறைக்கும். அதனால் எதிரே அடுக்குமாடி வந்துவிட்டதே என்று கவலைப்படுவோர் பெரும்பாலும் வீணாகக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் மறைப்பவை தலைக்கு மேலே உள்ளவை: தென்னை ஓலை, தகரக் கூரையின் நீட்சி, தொட்டி மேடையின் அடித்தளம்.

டிஷ்ஷைத் தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்பதை ஒரு தூக்குக்குண்டை வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் தாங்கியில் பொறித்துள்ள கோண அளவு பொய்யாகிவிடும். ஒரு பக்கம் திருப்பும்போது உயரமும் சேர்ந்தே மாறும், தேடல் முடிவில்லாமல் நீளும். சந்தையில் கிடைக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ்கள் ஆஃப்செட் வகை. அவற்றில் எல்என்பி கீழிருந்து நோக்குவதால் டிஷ் உண்மையில் பார்க்கும் கோணத்தைவிட அதன் முகம் நிமிர்ந்தே தெரியும். ஆகவே 68 டிகிரியைப் பார்க்கும் டிஷ் கண்ணுக்கு 45 டிகிரி அளவே அண்ணாந்திருப்பதாகத் தோன்றும். இதை அறியாமல் வானத்தைப் பார்த்துக் கிடத்திவிட்டு, நாள் முழுவதும் தேடுபவர்கள் உண்டு. கண்ணளவை நம்பாமல், தாங்கியில் உள்ள அளவுகோலில் 68-ஐ வைத்துத் தொடங்குங்கள். ஆஃப்செட் கணக்கு பெரும்பாலான தாங்கிகளின் அளவுகோலிலேயே சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும், ஆனால் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் அது பிறழும் என்பதால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று திசையைப் பார்த்து, அந்தத் திசையில் தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தையோ மரத்தையோ குறிவைத்துக்கொள்ளுங்கள்.

இனித் திருப்ப வேண்டியது மிகச் சிறிய அளவு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் ஓரம் 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் அதன் பார்வை 1 டிகிரி நகர்கிறது. பெட்டி ஓர் அலைவரிசையைப் பிடிக்க ஓரிரு நொடிகள் எடுத்துக்கொள்ளும். ஆகவே விரல்நகம் அளவுக்கு நகர்த்தி, மூன்று எண்ணி, கீழே பட்டையைப் பார்ப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, பிறகு அடுத்த நகம் அளவுக்குச் செல்லுங்கள். கைபேசியின் வீடியோ அழைப்பில் திரையைக் காட்டச் சொன்னால் மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே கத்துவது மிச்சமாகும். ஒரு முழு வீச்சில் கிடைக்கவில்லை என்றால் உயரத்தை 2 டிகிரி மாற்றி மீண்டும் அதே வீச்சு. வேகமாகச் சுழற்றினால் செயற்கைக்கோளைக் கடந்துபோனது தெரியாமலே கடந்துவிடுவீர்கள்.

தரம் எழுந்ததும் முடிந்துவிட்டது என்று திருகுகளை இறுக்கிவிடாதீர்கள். இடப்புறமும் வலப்புறமும் தரம் விழும் எல்லைகளைக் கண்டு, அவற்றின் நடுவில் நிறுத்துங்கள். மேலும் கீழும் அவ்வாறே செய்யுங்கள். அடுத்து, எல்என்பியைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சற்றுத் தளர்த்தி, எல்என்பியை அதன் இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் கிழக்கே வெகுதூரம் விலகி நிற்பதால், அதன் அலைகளின் துருவம் நம் தரைக்குச் செங்குத்தாக வருவதில்லை. கேபிள் முனை நேர்கீழே பார்த்தபடி எல்என்பியை மாட்டுவது பார்க்க ஒழுங்காகத் தோன்றினாலும், பல வீடுகளில் தரத்தில் கணிசமான பகுதியை அதுவே தின்றுவிடுகிறது. இரு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தரம் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள். டிஷ் மாட்டுபவர்களில் அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இதுதான், மழைக்காலத்தில் விலை கொடுப்பதும் இதற்குத்தான்.

இறுக்கும்போதும் டிஷ் சிறிது நகரும். எல்லாத் திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, தரம் குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே சாய்ந்து வேலை செய்வதும், மின்கம்பி அருகே இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்துவதும் எந்தச் சேனலுக்கும் தகுந்த விலையாகாது.

சேனல்கள் கிடைத்தன, எல்லாம் பூட்டியிருக்கின்றன

தேடலில் நூற்றுக்கணக்கான சேனல்கள் ஏறி, ஒவ்வொன்றிலும் 'ஸ்கிராம்பிள்ட்' என்று வந்தால், நீங்கள் கட்டணச் சேவை ஒன்றின் அலைவரிசைகளைப் பிடித்திருக்கிறீர்கள். அண்டையில் கிழக்கு 95 டிகிரியில் டிஷ் டிவியும், 91.5 டிகிரியில் சன் டைரக்ட்டும் இருக்கின்றன. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ 3 டிகிரி அகலம் கொண்டது என்பதால் இந்த அண்டை வீடுகளுக்குள் தவறி நுழைவது எளிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சன் டைரக்ட் 93.5 டிகிரியையும் பயன்படுத்துவதால், எண்கள் எதுவும் கொடுக்காமல் எல்லாவற்றையும் தேடும் 'பிளைண்ட் ஸ்கேன்' செய்தால் சரியான செயற்கைக்கோளிலும் பூட்டிய சேனல்கள் வரத்தான் செய்யும். ஐயம் தீர ஒரே சோதனை, 11090 'வி' 29500 என்ற அலைவரிசையில் தரம் எழுந்து தூர்தர்ஷன் சேனல்கள் வருகின்றனவா என்பதே. வந்தால் திசை சரி. பூட்டியவற்றை அழித்துவிட்டு, 'எஃப்டிஏ ஒன்லி' (பூட்டில்லாத இலவசச் சேனல்கள் மட்டும்) என்பதைத் தேர்ந்து மீண்டும் தேடுங்கள். வராவிட்டால் நகம் அளவு நகர்த்தும் வேலை மீண்டும் தொடங்குகிறது.

சந்தா நிறுத்திய பழைய கட்டணச் சேவையின் டிஷ்ஷைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாகப் பயன்படுத்தலாம். டிஷ்ஷுக்குக் கட்சி கிடையாது. திசையை மாற்றி, பெட்டியை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

ஒலி மட்டும் வருகிறது, அல்லது சில சேனல்கள் ஏறவே இல்லை

படம் சுருக்கப்பட்டே அனுப்பப்படுகிறது, பெட்டி அதை விரிக்கிறது. பழைய பெட்டிகள் எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் வரும் படங்களை மட்டுமே விரிக்கும். எம்பெக்-4 முறையில் அனுப்பப்படும் சேனல்கள் அவற்றில் ஒலியோடு கறுப்புத் திரையாகவோ, தேடலில் அகப்படாமலோ போகும். டிஷ்ஷையோ கேபிளையோ மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எம்பெக்-4 பெட்டி வாங்கும்போது, 'ஐகாஸ்' என்ற அனுமதி முறைக்கு உட்பட்ட பிரசார் பாரதியின் அங்கீகாரம் பெற்ற பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரீ டிஷ்ஷின் சில சேனல்கள் அந்த முறையில் அனுப்பப்படுகின்றன. அதற்கும் மாதக் கட்டணம் இல்லை.

எம்பெக்-4 பெட்டியிலும் சில அலைவரிசைகள் மட்டும் விடுபட்டால், தரம் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். எல்லா அலைவரிசைகளும் ஒரே வலுவில் வருவதில்லை. ஏதோ ஒன்று வந்துவிட்டது என்று டிஷ்ஷை இறுக்கியவர்களுக்கு இந்த அறிகுறி நேரும். மேலே சொன்ன நடுவில் நிறுத்தும் முறையையும் எல்என்பியைச் சுழற்றும் முறையையும் திரும்பச் செய்யுங்கள்.

நேற்று வரை வந்த சேனல் இன்று இல்லை

மற்றவை எல்லாம் வந்து ஒன்று மட்டும் காணாமல் போனால் எந்தத் திருகையும் தொடாதீர்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் இடம்பெறுவது மின்னணு ஏலத்தின் வழியே. ஏலத்தில் இடம் கிடைக்காத சேனல் விலகும், புதியது நுழையும். குறிப்பாக ஏப்ரல் தொடக்கத்தில் இந்த மாற்றங்கள் மிகுதி. பழைய பட்டியலை அழித்துவிட்டு முழுத் தேடல் செய்தாலே புதிய நிலை தெரிந்துவிடும். பொதிகையைக் காணோம் என்று தேடும் பெரியவர்களுக்கு ஒரு சொல்: அந்தச் சேனல் 2024 ஜனவரி முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது.

மழையில் போகிறது

ஃப்ரீ டிஷ் கு பேண்ட் அலைகளில் வருகிறது; அந்த அலைகளின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு, கனமழைத் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கொட்டும் மழையில் சில நிமிடம் படம் உறைந்து, மழை தணிந்ததும் தானே திரும்பினால் அது இயற்கை. தூறலுக்கே போகிறது என்றால்தான் பழுது. அப்போது தரம் வெயில் நாளிலேயே விளிம்பில் இருந்திருக்கும். சரிசெய்ய வேண்டியது டிஷ்ஷின் நுட்பமான திசையை. கடைக்காரர் பரிந்துரைக்கும் கேபிள் நடுவே செருகும் 'சிக்னல் பூஸ்டர்' இதற்கு உதவாது. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், வலிமைப் பட்டை ஏறும், தரம் நின்ற இடத்தில் நிற்கும். அந்தப் பணத்தை 75 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ்ஷில் போடுவது மேல்.

மழை நின்று மணிக்கணக்கான பின்னும் தரம் திரும்பவில்லை, மறுநாள் வெயில் ஏறிய பிறகே திரும்புகிறது என்றால், கனெக்டருக்குள் நீர் இறங்கியிருக்கிறது. எல்என்பி முனையைக் கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைப் பூச்சோ கறுப்போ படிந்திருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். துடைத்து மாட்டுவது தற்காலிகத் தீர்வே. முனையிலிருந்து ஒரு சாண் கேபிளை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, ரப்பர் உறை இட்டு, கேபிள் எல்என்பியிலிருந்து கீழே வளைந்து தொங்கிய பிறகே மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரிலேயே இதைப் பார்த்து வைப்பது நல்லது.

வெயிலடிக்கும்போது சில நிமிடம் போகிறது

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், அடுத்தடுத்த சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிப் படம் சில நிமிடம் உறைந்து திரும்பினால் எதையும் தொட வேண்டாம். அந்நேரத்தில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. சூரியனின் வானொலி இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமிழ்ந்துவிடுகிறது. இந்த இடையூறைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். அந்த நாட்களில் அந்த வேளையில் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுகிறதா, நிழல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். வெயில் விழுந்தால் செயற்கைக்கோளுக்கும் தடையில்லை. ஏற்கெனவே சரியாக நிற்கும் டிஷ்ஷில், பெயின்ட் பூச்சையும் மீறி ஒரு மங்கலான ஒளித்திட்டு எல்என்பியின் முகத்தில் குவிவதைக் காணலாம். எல்என்பியைப் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள்.

ஆண்டின் மற்ற நாட்களில், காற்று வீசும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், திருகு தளர்ந்திருக்கிறது அல்லது தென்னை ஓலை குறுக்கே ஆடுகிறது.

பெட்டி தானே அணைந்து எழுகிறது

கேபிளைக் கழற்றினால் பெட்டி நிலையாக நின்று, மாட்டினால் அணைந்து எழுகிறது என்றால், எல்என்பி கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாமல் அடாப்டர் தளர்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவே கொண்ட, ஆம்பியர் அதற்குக் குறையாத அடாப்டரை மாற்றுங்கள்.

இரண்டாவது தொலைக்காட்சி

ஒரு எல்என்பியின் ஒரே கேபிளைச் சாதாரண கேபிள் டிவி ஸ்பிளிட்டரால் இரண்டாகப் பிரித்து இரு பெட்டிகளுக்குக் கொடுத்தால், ஒன்று அணைந்ததும் மற்றொன்றும் போய்விடுவது உண்டு; அந்த ஸ்பிளிட்டர்கள் எல்என்பிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, அல்லது ஒரு முனையில் மட்டும் கடத்துகின்றன. தடுமாறாமல் ஓடச் செய்யும் வழி, இரு வெளியீடுகள் கொண்ட எல்என்பியை வாங்கி, பெட்டிக்கு ஒரு கேபிள் என்று தனித்தனியே இறக்குவது. கேபிள் ஆர்ஜி-6 வகையாக இருக்கட்டும். பழைய கேபிள் டிவியின் மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினால் நீளம் கூடும்போது இழப்பும் கூடும். எல்என்பியை மாற்றிய உடனே, பழையது நின்ற கோணத்திலேயே புதியதும் நிற்கிறது என்று எண்ணிவிடாமல், வளையத்தைத் தளர்த்தித் தரத்தின் உச்சத்தை மறுபடியும் தேடி இறுக்குங்கள்.